ஒன்றாம் வகுப்பு, ஜூன் முதல் ஏப்ரல் வரை: அரசுத் தொடக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆகஸ்ட் மாதம் பிறந்தால் போதும், காலை மணி அடிக்கும் நேரத்தில் யாராவது ஒரு அம்மா வகுப்பு வாசலில் வந்து நிற்பார். "டீச்சர், ரெண்டு மாசமாச்சு, இன்னும் அ கூட எழுதத் தெரியல. நோட்டைத் திறந்தா பூவும் மீனும்தான் வரைஞ்சு வச்சிருக்கான்." பதினேழு வருடமாக இதே பேச்சைக் கேட்கிறேன். அதே அம்மா பொங்கல் கழிந்து வந்து, பஸ்ஸில் போகும்போது வழியில் இருக்கிற பெயர்ப் பலகையை எல்லாம் இவன் வாசித்துக்கொண்டே வருகிறான், வாயை மூடவே மாட்டேன் என்கிறான் என்று சலித்துக்கொள்வதையும் கேட்கிறேன்.

வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே வரும் மனக்கசப்பில் பாதி, ஜனவரியில் வரவேண்டியதை ஆகஸ்டில் தேடுவதால் வருவது. எந்த மாதத்தில் எது வரும், எது வராது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பிள்ளைக்கும் அடி மிச்சம், உங்களுக்கும் டியூஷன் காசு மிச்சம். அதனால் மாத வரிசையிலேயே எழுதுகிறேன். நான் வேலை பார்ப்பது காவிரிப் படுகையில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில். நகராட்சி, மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

மார்ச் முதல் மே வரை: சேர்க்கை

ஜூலை 31-ஆம் தேதிக்குள் ஐந்து வயது முடிந்திருந்தால் தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். ஆறு வயது என்று தொலைக்காட்சியில் கேட்டுக் குழம்பிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது தேசியக் கல்விக் கொள்கை சொல்வது. இங்கே ஐந்துதான்.

பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், இருந்தால் சாதிச் சான்றிதழ், பெற்றோரின் செல்பேசி எண், இவை போதும். பிறப்புச் சான்றிதழ் தொலைந்துவிட்டது என்பதற்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. தேர்வு வைத்துச் சேர்ப்பதும் கூடாது, நடு ஆண்டில் வந்தால் இடமில்லை என்று சொல்வதும் கூடாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. செங்கல் சூளை வேலைக்காக ஊர் மாறும் குடும்பங்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இதில் நீங்கள் உண்மையில் கவனம் வைக்கவேண்டியது பெயர். சேர்க்கைப் பதிவேட்டில் ஏறும் பெயரும் பிறந்த தேதியும் எமிஸ் எனும் கணினிப் பதிவுக்குப் போகும். அங்கிருந்து வருடா வருடம் நகர்ந்து, கடைசியில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் போய் உட்காரும். தமிழில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, ஆதாரில் மூன்றாவது மாதிரி என்று இருந்தால், திருத்துவதற்கு இன்றைக்கு ஒரு பேனா போதும். பத்து வருடம் கழித்தால் நோட்டரி, கெஜட் என்று அலையவேண்டும். அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பது வரை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "நீங்களே பாத்துப் போட்டுக்குங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தமிழ் வழியா ஆங்கில வழியா என்ற கேள்வியும் பல பள்ளிகளில் அன்றைக்கே வரும். என் கருத்தைக் கேட்டால், வீட்டில் யாரும் ஆங்கிலம் பேசாத பிள்ளைக்குத் தமிழ் வழிதான் நல்லது. ஆங்கிலம் ஒரு பாடமாக முதல் வகுப்பிலிருந்தே இருக்கிறது. கணக்கையும் சேர்த்து ஆங்கிலத்தில் போட்டுக் குழப்புவதில் என்ன லாபம் என்று எனக்கு இதுவரை பிடிபடவில்லை.

அப்புறம் இன்னொரு கேள்வி. இதை யாரும் கேட்பதில்லை, நீங்கள் கேளுங்கள்: பள்ளியில் எத்தனை ஆசிரியர்கள்? சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 90 வரை 3, 120 வரை 4. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் நிறையவற்றில் பிள்ளைகள் அறுபதுக்குள்தான். அப்படியென்றால் இரண்டே பேர் ஐந்து வகுப்பையும் பார்க்கிறோம். உங்கள் பிள்ளையின் வகுப்பறை எப்படி இருக்கும் என்பதை முடிவு செய்வது இந்த எண்ணிக்கைதான்.

மே: வீட்டில் செய்யவேண்டியது

எழுத்துச் சொல்லித் தர வேண்டாம். வேறு வேலை இருக்கிறது.

முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். முதல் நாள் வருகைப் பதிவு எடுக்கும்போது ஒரு பெயரை நான்கு முறை கூப்பிட்டேன், பதில் இல்லை. வரவில்லை என்று போடப் போகும்போது பின்னால் இருந்து ஒரு குரல்: "டீச்சர், குட்டிமாவுக்குப் பேரு அதுதான்." குட்டிமாவுக்கே அது தெரியாது. இது வருடத்துக்கு ஒன்று நடக்கும்.

அடுத்தது கழிப்பறை. கால்சட்டையைத் தானே அவிழ்த்து, போய், கழுவி, திரும்ப மாட்டிக்கொள்ளத் தெரியவேண்டும். ஜிப்பும் பக்கிளும் வைத்த கால்சட்டை அழகாகத்தான் இருக்கும், அவசரத்துக்கு ஆகாது. எலாஸ்டிக் வைத்தது எடுங்கள். தண்ணீர்ப் பாட்டில் மூடியைத் தானே திறக்க வேண்டும், தட்டில் போட்டதைத் தானே அள்ளிச் சாப்பிட வேண்டும். டிவி பார்த்துக்கொண்டே ஊட்டிவிட்டுப் பழக்கிய பிள்ளைகள் ஜூனில் சாப்பாட்டுத் தட்டை வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

விரலுக்குப் பலம் வேண்டும். சப்பாத்தி மாவைப் பிசையக் கொடுங்கள், அவரைக்காய் நார் உரிக்கக் கொடுங்கள், தரையில் சாக்பீஸால் கோலம் கிறுக்க விடுங்கள். பென்சில் பிடிக்கப் போகும் விரல்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எதுவும் இல்லை.

ஜூன்: அழுகை

பள்ளி ஜூன் முதல் வாரத்திலோ, வெயில் ஓயாவிட்டால் இரண்டாம் வாரத்திலோ திறக்கும். முதல் நாள் அழாத பிள்ளையைப் பார்த்துப் பெருமைப்படவேண்டாம். சில பிள்ளைகள் முதல் வாரம் வேடிக்கை பார்ப்பார்கள். இது தினமும் நடக்கப் போகிற சங்கதி என்று இரண்டாவது வாரம் புரிந்ததும் அழத் தொடங்குவார்கள். திங்கட்கிழமை அழுகை ஜூலை வரை கூட வரும்.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான். வாசலில் விடுங்கள், "சாயங்காலம் அம்மா வந்து கூட்டிட்டுப் போவேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், திரும்பிப் பார்க்காமல் போங்கள். சொல்லாமல் நழுவிப் போவது தவறு, பிள்ளை அடுத்த நாள் சேலையை விடவே விடாது. ஜன்னல் பக்கம் நின்று எட்டிப் பார்ப்பது அதைவிடத் தவறு. ஒரு பாட்டி வேப்பமரத்தடியில் ஒளிந்து நின்று பேரனைப் பார்ப்பார். அவன் பார்த்துவிட்டால் அழுவான். அவன் அழுதால் கூட இருக்கிற ஆறு பேரும் அழுவார்கள். "ஏம்மா டீச்சரு, அடிச்சியா?" என்று பாட்டி என்னைக் கேட்பார். நீங்கள் போன பத்து நிமிடத்தில் பெரும்பாலும் அழுகை அடங்கிவிடும், இது சத்தியம்.

காலை உணவு இப்போது பள்ளியிலேயே உண்டு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 அன்று எங்கள் பக்கத்துத் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவானது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்று, கூடவே சாம்பார். புதன்கிழமை பொங்கல், அன்றைக்கு மட்டும் எல்லாரும் சீக்கிரம் வருவார்கள். முதல் மணிக்கு முன்பே பரிமாறி முடித்துவிடுவார்கள் என்பதால் நேரத்துக்கு வந்தால்தான் கிடைக்கும். வீட்டில் உப்புமாவைத் தொடாத பிள்ளை இங்கே இரண்டாவது முறை தட்டை நீட்டுவதைப் பார்த்து அம்மாக்கள் கோபப்படுகிறார்கள். வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டால் எதுவும் இறங்கும்.

மதியம் சத்துணவு, வாரத்தில் ஐந்து நாளும் முட்டையோடு. முட்டை சாப்பிடாத வீடாக இருந்தால் முதல் வாரமே சொல்லிவிடுங்கள், வாழைப்பழம் கொடுப்பார்கள். ஒவ்வாமை ஏதாவது இருந்தால் பிள்ளையிடம் சொல்லி அனுப்பாமல், சமைக்கிறவரிடமும் ஆசிரியரிடமும் நேரில் வந்து சொல்லுங்கள்.

பாடநூல், நோட்டு, பை, காலணி, வண்ண கிரையான் எல்லாம் பள்ளியில் தருவார்கள். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு நான்கு இணை சீருடை. எல்லாம் ஒரே நாளில் வந்து இறங்காது, தவணை தவணையாக வரும். அதுவரை வண்ண உடையில் வரலாம். பையிலும் தண்ணீர்ப் பாட்டிலிலும் பெயர் எழுதுங்கள். ஒரே நிறப் பை முப்பது இருக்கும் அறையில் சாயங்காலம் நான்கு மணிக்கு நடக்கும் சண்டையை நீங்கள் பார்த்ததில்லை.

ஜூலை, ஆகஸ்ட்: நோட்டு வெறுமையாக இருக்கும் மாதங்கள்

இந்த இரண்டு மாதத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்லவேண்டும்.

வகுப்புக்குள் வந்து பார்த்தால் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் தரையில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். இதுதான் எண்ணும் எழுத்தும். கொரோனாவால் பள்ளி மூடிக் கிடந்ததில் எழுத்தை விட்டுவிட்ட பிள்ளைகளுக்காக 2022 ஜூனில் ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை வந்தது. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் போனது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்பதைப் பார்த்து இதில் பிரிப்பதில்லை, எதுவரை வந்திருக்கிறது என்பதைப் பார்த்துப் பிரிப்போம். மூன்றாம் வகுப்புப் பையன் அரும்பில் இருக்கலாம். "எம் புள்ளய சின்னப் பசங்களோட உக்கார வச்சிட்டீங்களே" என்று அவன் அப்பா சண்டைக்கு வருவார். அரும்பில் உட்காராமல் மூன்றாம் வகுப்புப் பாடத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டே ஐந்தாம் வகுப்பு வரை போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தச் சண்டையை ஒவ்வொரு வருடமும் பொறுத்துக்கொள்கிறேன்.

பாட்டு, கதை, பொம்மலாட்டம், களிமண் என்றுதான் நாள் போகும். அதில் பாடம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். 'பட்டம் பறக்குது' என்று கைதட்டிப் பாடும்போது 'ப' என்ற ஒலி எத்தனை முறை வருகிறது என்று பிள்ளையின் காது பழகுகிறது. ஒலி காதில் நின்றால்தான் எழுத்து கண்ணில் நிற்கும். அ, ஆ, இ, ஈ என்று வரிசையாக ஆரம்பிக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். 'அ' எழுதிப் பாருங்கள், எத்தனை சுழி, எத்தனை வளைவு! 'ட'வுக்கு இரண்டே கோடு, 'ப'வுக்கு மூன்று. நெளிவான எழுத்துக்கு விரல் பழக மாதக்கணக்காகும், நேர்கோட்டு எழுத்து ஒரு வாரத்தில் வந்துவிடும். ட, ப, ம வந்தால் படம், பட்டம், மடம் என்று பிள்ளை சொல்லாகவே வாசிக்கத் தொடங்கும்.

எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போடுவது இந்த வயதுக்கு இயல்பு. இடக்கையால் எழுதினால் எழுதட்டும். கையில் அடித்து மாற்றிய ஒரு வீட்டில் அந்தப் பெண் இரண்டு மாதம் எந்தக் கையாலும் எழுதவில்லை.

பல்பம் தின்னும் பழக்கம் இருந்தால் மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். சிலேட்டுக் குச்சி, சுவர்க் காரை, மண் என்று தொடர்ந்து தின்கிற பிள்ளைக்கு ரத்தசோகை இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

வீட்டில் என்ன செய்வது? தினம் பதினைந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். பிஸ்கட் பாக்கெட்டில், மளிகைக் கடைப் பலகையில், பஸ்ஸின் நெற்றியில் 'ப' எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். ராத்திரி ஒரு கதை சொல்லுங்கள். வீட்டுப்பாடம் தரவில்லையே என்று கேட்கவே கேட்காதீர்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றும் சொன்னது. பதினெட்டுக் கிலோ பிள்ளைக்கு ஒன்றே முக்கால் கிலோ. தண்ணீர்ப் பாட்டிலே முக்கால் கிலோ வந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு டியூஷன் வைப்பதைப் பற்றி நான் நாகரிகமாக எழுத முடியாது என்பதால் விட்டுவிடுகிறேன்.

செப்டம்பர்: முதல் பருவம் முடிவு

2012-13 முதல் வருடத்தை மூன்று பருவமாகப் பிரித்திருக்கிறார்கள். பருவத்துக்குப் பருவம் தனிப் புத்தகம், செப்டம்பர் கடைசியில் முதல் பருவத் தேர்வு, பழைய பேச்சில் காலாண்டு. ஒன்றாம் வகுப்பு மதிப்பெண்ணில் தேடுவதற்கு ஒன்றுமில்லை. எத்தனை மார்க் என்று கேட்காமல் "எந்த எழுத்து வரை தானாகச் சொல்றான்? எந்த எண் வரை எண்ணிக் காட்டுறான்?" என்று கேளுங்கள். அதற்கு என்னிடம் பதில் இருக்கும்.

விடுமுறை முடிந்து வரும்போது கற்றதில் கொஞ்சம் காணாமல் போயிருக்கும். பத்து நாளில் திரும்ப வந்துவிடும். இதற்காக விடுமுறையில் எழுத வைக்காதீர்கள், ஆற்றங்கரையோ ஆச்சி வீடோ கூட்டிப் போங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: மழை, காய்ச்சல், பேன்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பள்ளி உண்டா இல்லையா என்பதை மாவட்ட ஆட்சியர் முடிவு செய்வார். அறிவிப்பு சில நாள் காலை ஆறு மணிக்கு மேல்தான் வரும். வாட்ஸப்பில் சுற்றும் படத்தை நம்பாமல் செய்தியில் பாருங்கள், போன வருடத்து அறிவிப்பை எடுத்து இந்த வருடம் அனுப்புகிற புண்ணியவான்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். விட்ட நாளைச் சனிக்கிழமையில் ஈடுகட்டுவார்கள்.

காய்ச்சலோடு அனுப்பாதீர்கள். மாத்திரை கொடுத்து அனுப்பினால் பதினோரு மணிக்குக் காய்ச்சல் திரும்ப ஏறும். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்த நாலு பேருக்குப் போயிருக்கும். கை, கால், வாயில் கொப்புளம் தெரிந்தால் அது ஆறும் வரை வீட்டில் வையுங்கள்.

பேன் வரும். கட்டாயம் வரும். தலையோடு தலை வைத்துப் படம் வரைகிற பிள்ளைகளுக்கு வராமல் இருந்தால்தான் அதிசயம். இதில் சுத்தம், அசுத்தம் என்ற பேச்சே வேண்டாம், யார் வீட்டிலிருந்து வந்தது என்ற ஆராய்ச்சியும் வேண்டாம். முடியை இறுக்கிப் பின்னி விடுங்கள், ஈரத் தலையில் பேன் சீப்புப் போட்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வாருங்கள், வீட்டில் எல்லாரும் ஒரே வாரத்தில் பாருங்கள்.

குடற்புழு நீக்க மாத்திரை ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் பள்ளியில் தருவார்கள். மென்று தின்ன வேண்டியது. அன்றைக்கு உடம்பு சரியில்லை என்றால் சொல்லுங்கள், விட்டுப்போன பிள்ளைகளுக்கு இன்னொரு நாள் கொடுப்பார்கள். ஐந்து வயதுத் தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்றும் இந்தச் சாக்கில் அட்டையை எடுத்துப் பாருங்கள்.

வருகையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சட்டப்படி தொடக்க வகுப்புகளுக்கு வருடத்தில் குறைந்தது 200 வேலைநாள். மழை லீவு ஒரு பக்கம். அதன்மேல் கல்யாணம், காதுகுத்து, குலதெய்வக் கோயில், மாமா வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறார் என்று சேர்த்துக்கொண்டே போனால், பிள்ளை வராத நாள் முப்பதைத் தாண்டிவிடும். ஒரு நாள் விட்டால் ஒரு எழுத்து போகாது. ஒரு வாரம் சேர்ந்தாற்போல் விட்டால், திரும்பி வரும் நாள் ஜூன் மாத முதல் நாள் மாதிரி இருக்கும், அழுகை உட்பட.

ஜனவரி, பிப்ரவரி: திடீரென்று வரும் வாசிப்பு

பொங்கல் முடிந்து வரும்போது ஏதோ நடந்திருக்கும். எழுத்து எழுத்தாக 'ம... ர... ம்' என்று தடவிக்கொண்டிருந்த பிள்ளை 'மரம்' என்று ஒரே மூச்சில் சொல்லும். எல்லாருக்கும் ஒரே வாரத்தில் வராது. சிலருக்கு டிசம்பரிலேயே வரும், சிலருக்கு மார்ச் ஆகும். வந்துவிட்ட பிறகு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

இந்தச் சமயத்தில்தான் கொம்பு வந்து நிற்கும். 'கா' எளிது, 'க' போட்டுத் துணைக்கால் இழுத்தால் ஆயிற்று. 'கெ' என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது 'க்', ஆனால் கையில் முதலில் போடவேண்டியது ஒற்றைக்கொம்பு. பிள்ளை நியாயமாக 'க' எழுதிவிட்டு அதற்குப் பின்னால் கொம்பைப் போடும். 'கொ' வந்தால் இன்னும் வேடிக்கை, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று, 'க' நடுவில் மாட்டிக்கொள்ளும். போன வருடம் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், கொம்பு முன்னாடி ஏன் ஓடுது?" எனக்குப் பதில் தெரியவில்லை. கொம்பு மாட்டுக்கு முன்னாலதானே இருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். அதற்குப் பிறகு அவள் தப்புப் போடவில்லை. வீட்டில் இதில் தப்பு வந்தால் திட்டாதீர்கள், தப்பு பிள்ளையின் பக்கம் இல்லை. ல, ள, ழ குழப்பமும் ர, ற குழப்பமும் இன்னும் பல வருடம் கூடவே வரும். பெரியவர்களின் வாட்ஸப்பில் பார்க்கிறோமே.

கணக்கில் இதேபோல் ஒரு இடம் தொண்ணூறு. ஐந்துக்கு ஐம்பது, ஆறுக்கு அறுபது, ஏழுக்கு எழுபது, எட்டுக்கு எண்பது. அப்படியென்றால் ஒன்பதுக்கு? எண்பத்தொன்பது வரை சரியாக வந்த ஒரு பையன் கொஞ்சம் யோசித்து "ஒம்பதுபது" என்றான். எவ்வளவு சரியாக யோசித்திருக்கிறான் பாருங்கள். மொழிதான் அவனை ஏமாற்றிவிட்டது. வீட்டில் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டால் அடுத்த முறை எண்பத்தொன்பதிலேயே நிறுத்திவிடுவான். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுங்கள். ஒன்பது கட்டும் நாலு குச்சியும் கையில் இருந்தால் 94 என்பதை 49 என்று எழுதுவது தானாகக் குறையும்.

பிப்ரவரி, மார்ச்சில் ஆண்டு விழா வரும். ஐந்து நிமிட நடனத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு உடை எடுக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். பெற்றோர் நாலு பேர் சேர்ந்து சொன்னால் பாவாடை சட்டையிலேயே ஆடி முடித்துவிடலாம்.

டீச்சரிடம் பேசுவது எப்படி

காலை ஒன்பது மணிக்கு வாசலில் நிறுத்தாதீர்கள். அப்போது ஒரு பிள்ளை அழும், ஒன்று வாந்தி எடுக்கும், வருகைப் பதிவைச் செயலியில் ஏற்றவேண்டும், நெட் வராது. சாயங்காலம் பிள்ளைகள் கிளம்பிய பிறகு வாருங்கள். மார்க்கையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் விட்டுவிட்டு, யாரோடு விளையாடுகிறான், சாப்பிடுகிறானா, வகுப்பில் வாய் திறக்கிறானா என்று கேளுங்கள். வீட்டில் ஏதாவது நடந்திருந்தால், சாவு, சண்டை, அப்பா வெளியூர் வேலைக்குப் போனது, எதுவானாலும் இரண்டு வரி சொல்லிவிடுங்கள். ஒரு பெண் ஒரு வாரமாக மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் தாத்தா இறந்தது எனக்குத் தெரிந்ததே பதினாறாம் நாள் காரியப் பத்திரிகை வந்தபோதுதான்.

குறை இருந்தால் முதலில் ஆசிரியர், பிறகு தலைமையாசிரியர், அதற்கும் ஆகவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். 14417 என்ற கல்வித் துறை உதவி எண்ணும் இருக்கிறது. அடிப்பது, அவமானப்படுத்துவது இரண்டுமே கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் தடைசெய்யப்பட்டவை. "நல்லா நாலு போடுங்க டீச்சர், கண்ணை மட்டும் விட்டுடுங்க" என்று நீங்களே அனுமதி கொடுத்தாலும் எங்களால் முடியாது, தயவுசெய்து கொடுக்காதீர்கள். பிள்ளைக்கு யாராலாவது ஆபத்து என்று தோன்றினால் 1098.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் என்பது சட்டம். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை, சுற்றுச்சுவர் இடிந்திருக்கிறது, ஆசிரியர் பணியிடம் காலி, எல்லாம் தீர்மானமாகப் போகவேண்டிய இடம் அது. எங்கள் பள்ளியில் குழாய் வந்தது எங்கள் மனுவால் இல்லை, ஏழு அம்மாக்கள் அந்தக் கூட்டத்தில் எழுந்து பேசியதால்.

மார்ச், ஏப்ரல்: எவ்வளவு வந்திருக்கவேண்டும்

நான்கைந்து எளிய சொற்கள் உள்ள வாக்கியத்தைத் தானாக வாசிக்கவேண்டும், புத்தகத்தில் மனப்பாடமான வரியாக இல்லாமல் புது வரியாக. தன் பெயரை எழுத வேண்டும். 99 வரை எண்ணவும் எழுதவும், விரலையோ குச்சியையோ வைத்துச் சிறு கூட்டல், கழித்தல் செய்யவும் தெரியவேண்டும். ஆங்கிலத்தில் எழுத்துகளும் தினம் புழங்கும் சில சொற்களும். இதில் பாதி வந்திருந்தாலும் பயமில்லை, இரண்டாம் வகுப்பில் அதே இடத்திலிருந்துதான் தொடங்குவோம். எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அதற்காக எதையும் பார்க்காமல் விட்டுவிடலாம் என்றும் அர்த்தமில்லை.

கவலைப்படவேண்டிய இடங்கள் இவை: கரும்பலகைக்குப் பக்கத்தில் எழுந்து வந்து பார்ப்பது, கூப்பிட்டால் இரண்டாம் முறைதான் திரும்புவது, ஏப்ரலிலும் ஒரு எழுத்தைக்கூட நேற்றுப் பார்த்ததாக நினைவு வராமல் இருப்பது, மற்றவர்களுக்குப் புரியும்படி பேச்சு வராமல் இருப்பது. முதல் இரண்டும் பெரும்பாலும் கண்ணும் காதும். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு பார்க்கும்போது பிள்ளை அன்றைக்கு வந்திருக்கட்டும். மற்றதற்கு ஒன்றியத்தில் உள்ள வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், தலைமையாசிரியரிடம் சொன்னால் ஏற்பாடு செய்வார். "போகப் போகச் சரியாயிடும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம், கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்து சொல்லுங்கள்.

ஏப்ரல் கடைசியில் கிரையான் மிச்சம் இருந்தால் பறிமுதல் செய்யாதீர்கள், மே முழுவதும் சுவர் காலியாகத்தான் இருக்கிறது. இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை முன்கூட்டி வாங்கிப் படிக்க வைக்க வேண்டாம். ஐந்து வயது முடிந்த பிள்ளைக்கு ஆதாரில் கைரேகை, கருவிழி புதுப்பிக்கவேண்டும். இன்னும் செய்யவில்லை என்றால் மே முதல் வாரத்திலேயே போய்விடுங்கள், ஜூன் பிறந்தால் ஆதார் மையத்தில் நிற்க இடம் இருக்காது.